கரையும் நூலில் சென்சார் துணி: சேலத்தில் செய்து பார்க்க முடியுமா?

பாவுக்காரன்_அம்மாபேட்டை

வணக்கம். டெக்ஸ்டைல் கடைசி வருடம் படிக்கிறேன். வீட்டிலேயே தறி இருப்பதால் பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கு இழை), கஞ்சி எல்லாம் பாடத்துக்கு முன்பே பழக்கம், கெமிஸ்ட்ரிதான் கொஞ்சம் தகராறு. ப்ராஜெக்டுக்கு ஸ்மார்ட் துணி எடுத்திருக்கிறேன். முழங்காலில் போடும் பட்டை, அதில் வெள்ளி பூசிய நைலான் நூலை ஊடையில் விட்டு நெய்து, கால் எவ்வளவு மடங்குகிறது என்று போனில் காட்ட வேண்டும். இதையெல்லாம் பலர் செய்துவிட்டார்கள் என்று தெரியும். ஆனால் கைடு கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன்: "கிழிந்த பிறகு இதை யார் எடுப்பார்கள்? பருத்திக் கழிவிலும் சேராது, எலக்ட்ரானிக் கழிவிலும் சேராது."

தேடும்போது ஒரு விஷயம் கிடைத்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் அட்லஸ் இன்ஸ்டிடியூட் ஆட்கள் 2024-ல் ஒரு சின்ன மெஷின் காட்டினார்கள், மேசை மேல் வைக்கிற அளவுதான், செய்ய 560 டாலர் ஆகுமாம். ஜெலட்டினைச் சூடாகக் கரைத்து மெல்லிய நூலாக இழுக்கிறது. அந்த நூலையும் பருத்தியையும் மின்கடத்தும் நூலையும் சேர்த்து சென்சார் துண்டு செய்து, வேலை முடிந்ததும் வெந்நீரில் போட்டால் ஜெலட்டின் மட்டும் கரைந்து மற்ற நூல்கள் தனியாக வந்துவிடுகின்றன. யோசனை மனதில் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால் ஜெலட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. எங்கள் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற விடமாட்டார்கள். நம் ஊரில் மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே, அதிலேயே நூல் இழுக்க முடியாதா? இல்லை கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட் போகலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "கூகுள் பண்ணு" என்று சொல்பவர்கள் தயவுசெய்து தாண்டிப் போகவும்.

கிழங்கு_ஆத்தூர்

தம்பி, சேகோ மில் வேலையில் இருப்பவன் சொல்கிறேன், மரவள்ளி மாவில் ஜவ்வரிசி வரும், அப்பளம் வரும், பாவுக்குக் கஞ்சி வரும், ஆனால் நெய்கிற அளவுக்கு நூல் வராது. காரணம் மாவின் அமைப்பிலேயே இருக்கிறது. நூலாக நிற்க நீளமான, கிளையில்லாத சங்கிலி வேண்டும், அப்போதுதான் இழுக்கும்போது எல்லாம் ஒரே பக்கம் படுத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். மரவள்ளி மாவில் அப்படி நேரான அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மற்றதெல்லாம் கிளை கிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின், அது கெட்டியாகப் பசை கொடுக்கும், இழுவை கொடுக்காது. கிளிசரின் சேர்த்தால் வளையும், ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசு என்று ஆகிவிடும். கிளிசரின் குறைத்தால் இரண்டு நாளில் காய்ந்து, மடக்கினால் ஒடியும். வடாம் மாவைக் கம்பியாகப் பிழிந்து காயவைத்து அதைத் தறியில் கட்டிப் பார், அவ்வளவுதான் பலம்.

மாவிலிருந்து வேறு வழியில் நூல் வருகிறது என்பதும் உண்மை. மாவைச் சர்க்கரையாக உடைத்து, புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் ஆக்கி, அதிலிருந்து பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் செய்து, உருக்கி நூல் இழுக்கிறார்கள். அது பெரிய ஆலை வேலை, உன் வீட்டுக் கொல்லையில் நடக்காது. தவிர பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், இஸ்திரி தாங்காது, குப்பைக் குழியில் போட்டால் லேசில் மக்கவும் செய்யாது, அதற்கும் கிட்டத்தட்ட அந்தச் சூடு உள்ள கம்போஸ்ட் ஆலை வேண்டும். "மக்காச்சோளத்தில் செய்தது, மண்ணில் மக்கும்" என்று கவரில் அச்சடித்து விற்பதைப் பார்த்து ஏமாறாதே.

மாவு வேண்டுமென்றால் நூலாக இல்லாமல் பசையாகப் பயன்படுத்து. சென்சாரைத் துணியில் ஒட்டுவதற்குக் கஞ்சி, பிரிப்பதற்கு மாவை உடைக்கும் அமைலேஸ் என்சைம். கஞ்சி முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடு, நீலமாகவோ கருநீலமாகவோ மாறினால் இன்னும் மாவு இருக்கிறது.

ஓம்ஸ்_செவ்வாய்ப்பேட்டை

எலக்ட்ரானிக்ஸ் பக்கத்திலிருந்து. எல்லோரும் கரையும் நூலைப் பற்றியே பேசுகிறீர்கள், கடத்தும் நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மின்சாரம் கடத்தும் நூல் நம் ஊருக்குப் புதிதா என்ன? அசல் ஜரிகை என்பது பட்டு இழை மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கம் பூசியது. பழைய அசல் ஜரிகைப் புடவை இருந்தால் மல்டிமீட்டரை ஜரிகை மேல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பீப் அடிக்கும். இப்போது வருகிற போலி ஜரிகையில் பலவும் பாலியஸ்டர் படலம், அதில் நம்பிக்கை வைக்க முடியாது.

அந்தப் புடவைக்கு மறுசுழற்சியும் நெடுநாளாக நடக்கிறது. "பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அவர்கள் ஜரிகையை எரித்து உருக்கி வெள்ளி எடுக்கிறார்கள். அசல் ஜரிகையில் ஏறத்தாழ 40 சதவீதம் வெள்ளி என்பதால் கட்டுப்படியாகிறது. பட்டு சாம்பல். தம்பியின் நைலான் நூலில் வெள்ளி வெறும் மேல்பூச்சு, கிலோ கணக்கில் சேர்த்தால்தான் உருக்குகிறவர் திரும்பியாவது பார்ப்பார். அதனால் வெள்ளியை எடுப்பதைப் பற்றி யோசிக்காமல் நூலையே முழுசாகத் திரும்ப எடுத்து அடுத்த துணியில் போடுவதைப் பற்றி யோசியுங்கள். அதுதான் அந்த போல்டர் வேலையில் எனக்குப் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை. வெள்ளி வியர்வையில் கறுக்கும், கந்தகம் பட்டாலும் கறுக்கும், கொலுசு செய்கிற தெருவில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுத்தால் மட்டும் பெரிய சேதம் இல்லை, வளைந்து வளைந்து பூச்சு விட்டுப்போவதுதான் ரெசிஸ்டன்ஸை (மின்தடையை) ஏற்றிவிடும். முழங்கால் என்பது ஓயாமல் வளைகிற இடம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல் இந்த விஷயத்தில் கெட்டி, ஆனால் விறைப்பு, தாரில் (ஊடை நூல் சுற்றும் குச்சியில்) சுற்றும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஓஈ_ஃபிட்டர்

கழிவுப் பஞ்சில் நூல் எடுக்கும் ஓஈ (ஓப்பன் எண்ட்) மில்லில் வேலை, பல்லடம் பக்கம், சொந்த ஊர் ஜலகண்டாபுரம். உங்கள் துணி கடைசியில் வந்து சேரும் இடம் எங்களிடம்தான், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

திருப்பூர் கட்டிங் வேஸ்ட், கிழிசல் துணி எல்லாம் முதலில் பல் வைத்த உருளையில் கிழிபட்டுப் பஞ்சாகும். அதில் ஒரு சின்ன உலோகத் துண்டு போனால் பல் உடையும், அதுகூடப் பரவாயில்லை, உரசித் தீப்பொறி வந்தால் பஞ்சுத் தூசியில் தீ ஓடும். ப்ளோரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடத்தில்) தீ என்றால் என்ன என்று மில்லில் இருந்தவர்களைக் கேளுங்கள். அதற்காகவே காந்தம், மெட்டல் டிடெக்டர், தீப்பொறியைக் கண்டுபிடித்துப் பஞ்சைத் திருப்பிவிடும் கருவி எல்லாம் வைத்திருக்கிறோம். காந்தத்தில் இரும்பு ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் நூலும் நம்பிக்கையாக ஒட்டாது. நைலான் மேல் மெல்லிசாகப் பூசியது டிடெக்டரிலும் தப்பிவிடலாம். அப்படித் தப்பினால் தீப்பிடிக்காவிட்டாலும் அந்த நூலில் ஜட்டி பனியன் போடுகிறவனுக்கு நைலான் துணுக்கு குத்தும்.

ஆக, 95 சதவீதம் பிரிந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதினால் உங்களுக்கு மார்க் வரும், எங்களுக்கு மீதி 5 சதவீதம்தான் தலைவலி. முழுசாக வெளியே வர வேண்டும், வந்ததா என்று சோதிக்க ஒரு வழியும் வேண்டும்.

இதற்கு கெமிஸ்ட்ரியே வேண்டாம் என்பது என் கட்சி. அரிசி மூட்டை வாயைத் தைத்திருப்பார்களே, சங்கிலித் தையல், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து கையோடு வந்துவிடும். கடத்தும் நூலைத் துணிக்கு மேலே படுக்கவைத்து, அதைச் சாதாரணப் பருத்தி நூலால் சங்கிலித் தையல் போட்டுப் பிடியுங்கள். பழசானதும் இழுத்து எடுங்கள். வெந்நீர் இல்லை, கரைசல் இல்லை, எலும்பு இல்லை.

பாவுக்காரன்_அம்மாபேட்டை

கிழங்கு அண்ணா, மாவு ஆசையை விட்டுவிட்டேன். அயோடின் யோசனை ரிப்போர்ட்டில் போகும்.

ஓஈ அண்ணா, மூட்டைத் தையல் அருமை, ஆனால் முழங்கால் பட்டையில் அது தானாகவே பிரிந்தால்? நடுவில் ஓரிடத்தில் இழை அறுந்தால் ஓடிக்கொண்டே போகுமே. அதோடு தையல் போட்டால் அது தையல்காரர் வேலை ஆகிவிடுகிறது, நான் நெசவில்தான் செய்து காட்ட வேண்டும். புட்டா போடுவது போலக் கூடுதல் ஊடையாக வெள்ளி நூலை விட்டு, அதை அங்கங்கே பிடிக்கும் இழை மட்டும் கரைகிற நூலாக இருந்தால்? துணி முழுக்கப் பருத்தி, வெள்ளி நூல் மேலே மிதக்கும், பிடி மட்டும் கரையும். கரையும் நூல் கொஞ்சம்தான் தேவைப்படும் என்பதால் கையால் இழுத்தாலும் போதும் என்று தோன்றுகிறது.

காப்பிக்காடு

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே எல்லோரும் வெயிலை நினைத்தே பேசுகிறீர்கள். இங்கே வந்து ஐப்பசி மழையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். பீரோவுக்குள் இருக்கும் தோல் பெல்ட், தோல் செருப்பு எல்லாம் பச்சையாகப் பூத்துவிடும். ஜெலட்டினும் அதே தோல் வகைதான், பூஞ்சைக்கு அது விருந்து. தாவரம், விலங்கு என்று எதிலிருந்து எடுத்த நூலாக இருந்தாலும் நீங்கள் "மக்கும்" என்று பெருமைப்படுகிற அதே குணம் அலமாரியிலும் வேலை செய்யும்.

இன்னொன்று, நான் கொஞ்ச நாள் எஸ்டேட்டில் மண் ஈரம் பார்க்கும் சென்சார்களோடு மல்லுக்கட்டியவள், அதனால் கேட்கிறேன்: அளவீடு எப்படி எடுக்கப் போகிறீர்கள்? கெப்பாசிட்டன்ஸ் (இரண்டு கடத்திகளுக்கு நடுவே மின்னேற்றம் தேங்கும் அளவு) என்றால் ஈரம் உங்களை ஏமாற்றும். அந்த அளவை ஏற்றிவிடும் குணமான டைஎலெக்ட்ரிக் எண் தண்ணீருக்குச் சுமார் 80, உலர்ந்த நூலுக்கு அதில் சொற்பம். பருத்தியோ ஜெலட்டினோ பட்டோ, காற்றில் ஈரம் ஏறினால் இழையும் ஈரம் பிடிக்கும், கால் அசையாமலே ரீடிங் ஏறும். சேலத்தில் சித்திரை மதியம் செட் செய்ததை இங்கே பனிமூட்டத்தில் போட்டால் எண் வேறாகத்தான் வரும். பக்கத்திலேயே அழுத்தம் படாத இன்னொரு சென்சார் துண்டு வைத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

தவிர முழங்கால் பட்டை தேவையா? வியர்வை, வளைவு, தினம் துவைப்பு, மூன்றும் கரைகிற நூலுக்கு எமன். உட்காரும் மெத்தை விரிப்பு செய்யுங்கள். தறியில் உட்காருகிறவர் எந்தப் பக்கம் சாய்கிறார், எவ்வளவு நேரம் எழுந்திருக்கவில்லை என்று காட்டட்டும். அதை யாரும் தினமும் துவைப்பதில்லை.

லேப்_பழசு

தாமதமாக வருகிறேன். நெசவுத் தொழில்நுட்பக் கூடங்களில் நூல் சோதனையில் காலம் தள்ளியவன்.

காப்பிக்காடு அம்மா சொன்ன மெத்தை விரிப்புக்கு என் ஓட்டு. கரையும் நூல் எதற்குப் பொருந்தும் என்று பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி, முழங்கால் என்று முடிவு செய்துவிட்டு நூலைத் திட்டிப் பயனில்லை.

ஆல்ஜினேட் பற்றிக் கேட்டாய், யாரும் பதில் சொல்லவில்லை. கையால் செய்ய எளிதானது அதுதான். சோடியம் ஆல்ஜினேட் பொடி 3 சதவீதம் போலத் தண்ணீரில் கரை, கட்டி இல்லாமல் கரைய ஒரு ராத்திரி ஊறவிடு, சிரிஞ்சில் ஏற்றி ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் மெதுவாகத் தள்ளு, தொட்டவுடன் நூலாகக் கெட்டிப்படும். கால்சியம் அணு இரண்டு சங்கிலிகளை நடுவில் நின்று பிடித்துக்கொள்கிறது, அதுதான் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க வெந்நீர் போதாது, சோடியம் சிட்ரேட் வேண்டும், சலவை சோடாவும் திறக்கும். அங்கேதான் வில்லங்கம், கடையில் வாங்கும் துணிப்பொடிகளில் சோடா உண்டு, ஆக வீட்டம்மா ஒரு நாள் வாளியில் ஊறப்போட்டால் சென்சார் கழன்று கையில் வரும். உப்புத் தண்ணீர் போரில் கால்சியம் இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், மேட்டூர்த் தண்ணீரில் அந்த உதவியும் குறைவு. காய்ந்த ஆல்ஜினேட் நூல் முடிச்சுப் போடும் இடத்தில் ஒடியும், அதைப் பாவில் வைக்காதே. ஊடையில் மட்டும் வை, அதுவும் நாடாவில் (ஊடையைக் கொண்டுபோகும் தறி ஓடத்தில்) விடாமல் கையால் கோர்த்து.

ஜெலட்டின் என்றால் எதிர்ப்பக்கம். குளிர்ந்த தண்ணீரில் ஊதும், வெந்நீரில் கரையும், சோடாவுக்கு அவ்வளவு பயமில்லை. ஊதும்போதே பலம் போய்விடும் என்பது குறை. அதைக் குறைக்க ஜெனிபின் என்று ஒரு பழத்திலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள், நூல் நீலமாக மாறும், விலையும் எட்டாது. நம்மிடம் கடுக்காய் இருக்கிறது, ஆவாரம் பட்டை இருக்கிறது. தோல் பதனிடுகிறவர்கள் அதைத்தானே போட்டார்கள், டானின் போய் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப லேசாகப் போட வேண்டும், அதிகம் போட்டால் நூல் தோலாகிவிடும், பிறகு வெந்நீருக்கும் அசையாது. இரும்பு படாமல் பார்த்துக்கொள், கறுத்துவிடும். ஜெலட்டின் கரைசலை நேரம் கணக்கில்லாமல் கொதிக்கவைக்காதே, 50, 60 டிகிரியில் வை, கொதித்தால் சங்கிலி அறுந்து பலம் இறங்கும். வாங்கும்போது ப்ளூம் எண் (ஜெல்லின் பலத்தைக் காட்டும் எண்) கேள், கூடுதலாக இருந்தால் கெட்டி. சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் புரத சமாச்சாரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கைடு மூலமாகக் கடிதம் போடு.

வீட்டில் எலும்பு ஆகாது என்றால், பக்கத்திலேயே ஒன்று வீணாகப் போகிறது. சேலம் வெண்பட்டு நெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை யாரும் சொல்லவில்லை. கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் செரிசின் பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்து, சாக்கடையில்தான் விடுகிறோம். அந்தத் தண்ணீரை எடுக்காதே, சோப்பு கலந்தது. கிழிந்த பட்டுக்கூடு, கச்சாப் பட்டுக் கழிவு வாங்கி, வெறும் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வேகவை, 120 டிகிரி வாக்கில் பசை சுத்தமாக இறங்கும். வற்றவைத்தால் கெட்டிப் பசை. இதையும் தனி நூலாக இழுக்க முடியாது, காய்ந்தால் நொறுங்கும். ஆனால் மெல்லிய பருத்தி இழைக்கோ வெள்ளி நூலுக்கோ கஞ்சி போடுவது போல ஏற்றிப் பிடிப்புக்குப் பயன்படுத்தலாம். பட்டும் உயிர் கொன்றுதானே என்று வீட்டில் யாராவது கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, யாரும் தொடாத விஷயம். கரைந்தது எங்கே போகும்? மாவோ ஜெலட்டினோ செரிசினோ, தண்ணீரில் கரைந்தால் அதைத் தின்னும் கிருமிகள் ஆக்சிஜனை இழுக்கும். துணி ஆலைக் கழிவுநீரின் ஆக்சிஜன் தேவையில் பெரும்பங்கு கஞ்சி நீக்கும் தண்ணீரிலிருந்து வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. திருமணிமுத்தாறு படுகிற பாடு போதாதா, இதையும் "இயற்கைப் பொருள்தானே" என்று அதில் விட்டுவிடாதே.

கிழங்கு_ஆத்தூர்

லேப் ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்கு எங்களிடம் வழி இருக்கிறது. சேகோ ஆலைக் கழிவுநீரை மூடிய குளத்தில் விட்டு சாண எரிவாயு மாதிரி கேஸ் எடுக்கிறோம், மாவு உலர்த்த அதே கேஸ் உதவுகிறது. ஜெலட்டினும் மாவும் வந்தால் கிருமிகள் சந்தோஷமாகச் சாப்பிடும். ஆனால் வெள்ளி கலந்து வரக்கூடாது, வெள்ளி கிருமிகளைக் கொல்வது. உதிர்ந்த பூச்சு தண்ணீரில் இருந்தால் குளமே படுத்துவிடும். வெந்நீரை மெல்லிய துணியில் வடிகட்டிப் பார், வெள்ளித் துணுக்கு ஏதும் நின்றால் அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்.

ஓம்ஸ்_செவ்வாய்ப்பேட்டை

அதனால்தான் ஸ்டெயின்லெஸ் என்றேன். மெத்தை விரிப்பு என்றால் விறைப்பு ஒரு குறையே இல்லை, வளைகிற இடம் கிடையாது, பூச்சு உதிரும் கதையும் இல்லை. ஒரு மீட்டர் நூலின் ஓம்ஸை வெந்நீரில் போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் அளந்து எழுதுங்கள், பெரிதாக மாறாவிட்டால் அதே நூலை அடுத்த விரிப்புக்கு விடலாம். ஸோல்டர் வைக்காதீர்கள், ஸ்டெயின்லெஸில் லேசில் ஒட்டாது. அழுத்திப் பிடிக்கும் பட்டன் போதும், அதுவும் கழற்றக்கூடியது.

பாவுக்காரன்_அம்மாபேட்டை

சரி, கைடிடம் பேசிவிட்டேன். முழங்கால் போச்சு, தறிக்காரர் உட்காரும் விரிப்புதான். இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் புட்டா, நடுவில் தடிமன் பருத்தி, அழுத்தினால் இடைவெளி குறைந்து கெப்பாசிட்டன்ஸ் ஏறும், ஓரத்தில் ஆள் உட்காராத இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு. பிடி இழைக்கு மூன்று மாதிரி: ஆல்ஜினேட், செரிசின் ஏற்றிய பருத்தி, அப்புறம் ஓஈ அண்ணாவின் சங்கிலித் தையல். மூன்றையும் ஒரே மாதிரி உட்காரவைத்து, ஒரே மாதிரி துவைத்து, எது முழுசாகப் பிரிகிறது என்று பார்ப்பது. ஜெலட்டின் இந்தக் கணக்கில் இல்லை, அதைத் தனியாகக் காலேஜ் லேபில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் கைடு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு சந்தேகம். செரிசின் ஏற்றிய பருத்தியை வெந்நீரில் போட்டால் பசைதானே போகும், பருத்தி இழை அங்கேயே இருந்து ஸ்டெயின்லெஸ் நூலைப் பிடித்துக்கொண்டிருக்குமே?

லேப்_பழசு

இருக்கும். அதனால் முறுக்கில்லாத இழையாக எடு. பஞ்சை முறுக்காமல் பசை மட்டுமே சேர்த்துப் பிடித்திருக்கும்படி செய்தால், பசை போனதும் இழை தானாக உதிர்ந்துவிடும். முறுக்கில்லாத டவல் நெய்பவர்கள் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள், பருத்தியோடு கரையும் பிவிஏ நூலைச் சேர்த்து நெய்து, பிறகு வெந்நீரில் பிவிஏவைக் கரைத்துவிடுவார்கள். பிவிஏ பெட்ரோலியப் பொருள், உனக்கு ஆகாது. ஆனால் நாலாவது மாதிரியாக அதையும் வை. எவ்வளவு நேரத்தில் கரைகிறது, எவ்வளவு பலம் தாங்குகிறது என்பதற்கு ஒப்பிட ஒரு நிலையான நூல் வேண்டும்.

ஓஈ_ஃபிட்டர்

பிரித்த பிறகு மிஞ்சும் பருத்தி விரிப்பைத் தூக்கிப் போடாதே. நாலு வகையும் தனித்தனிப் பையில், மேலே எழுதி அனுப்பு, கையால் கிழித்து விரித்துப் பார்க்கிறேன், நேரடியாக மெஷினில் போட மேஸ்திரி விடமாட்டார். ஒரு ஸ்டெயின்லெஸ் துணுக்கு தென்பட்டாலும் அந்த வகை ஃபெயில்.

பாவுக்காரன்_அம்மாபேட்டை

டீல். தை முடிந்ததும் பார்சல் வரும்.